ஜாப் கார்டில் எழுதாத சத்தம்

என் காரின் முன்பக்க இடது மூலையில், வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி வாங்கி ஒன்றேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. சர்வீஸுக்கு விடும்போது சொன்னேன். சர்வீஸ் அட்வைசர் தலையை ஆட்டிக்கொண்டே கையிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினார். மாலையில் வண்டியை எடுக்கப் போனபோது, "ஓட்டிப் பார்த்தோம் சார், ஒன்றும் இல்லை. இந்த மாடலில் லேசாக அப்படித்தான் இருக்கும்" என்றார். வண்டி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காகிதங்களைப் பிரித்துப் பார்த்தால், வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் 'ஜெனரல் செக்கப்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. சத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த இரண்டு சொற்களின் விலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன், கார் கம்பெனி, டீலர், அட்வைசர் என்ற மூவருக்கும் இடையே பணம் எப்படிப் போய் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். வாரன்டித் தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

ஷோரூம் வாசலில் கம்பெனியின் பெயர் பெரிதாக எழுதப்பட்டிருப்பதால் அது கம்பெனியின் கிளை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். டீலர் தனி வியாபாரி. கம்பெனியிடம் வண்டியைத் தன் பணத்திலோ வங்கிக் கடனிலோ வாங்கி நமக்கு விற்கிறார். புது வண்டி விற்பனையில் கிடைக்கும் லாபம் மெலிந்தது. தள்ளுபடி, நிற்கும் வண்டிகளுக்கான வட்டி, சாலையோர ஷோரூமின் வாடகை எல்லாம் அதைத் தின்றுவிடும். டீலரின் அடுப்பு எரிவது பின்கட்டில் இருக்கும் சர்வீஸ் பகுதியில்தான்: லேபர், உதிரி பாகம், இன்சூரன்ஸ் கமிஷன், துணைப்பொருள்கள். அதனால்தான் நம்மை வரவேற்கும் அட்வைசருக்குப் பல இடங்களில் ஒரு வண்டிக்குச் சராசரியாக இவ்வளவு பில் ஆக வேண்டும் என்ற இலக்கு இருக்கிறது. அவரை மெக்கானிக் என்று எண்ணி நாம் விவரம் சொல்கிறோம். பாதி நேரம் அவர் ஒரு விற்பனையாளர்.

வாரன்டி வேலைக்கு வருவோம். பாகம் பழுதாகி வாரன்டியில் மாற்றினால் நம்மிடம் பணம் வாங்க முடியாது. கம்பெனிதான் டீலருக்குத் தர வேண்டும். அதைக் கம்பெனி தானே வகுத்த கணக்கில் தருகிறது: இந்த வேலைக்கு இவ்வளவு நேரம், அதற்கு இவ்வளவு கூலி. நாம் கைக்காசு கொடுத்துச் செய்யும் வேலையில் டீலருக்குக் கிடைப்பதைவிட இது பொதுவாகக் குறைவு. விலை அதிகமான பாகம் என்றால் படம் எடுத்து, கிலோமீட்டர் குறித்து, முன் அனுமதி வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தில் சீட்டுக் கட்டிப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கம்பெனியின் ஆள் வந்து பார்ப்பார், அல்லது பாகத்தையே திருப்பி அனுப்பச் சொல்வார்கள். 'இது பழுதே இல்லை' என்றோ 'ஓட்டியவரின் தவறு' என்றோ கம்பெனி முடிவு செய்தால் அந்தச் செலவு டீலரின் தலையில் விழும்.

இப்போது அந்த அட்வைசரின் இடத்தில் நின்று பாருங்கள். சில நேரம் கேட்டு, சில நேரம் கேட்காத ஒரு சத்தத்துக்காகப் பாகத்தை மாற்றி, காகிதம் எழுதி, அது திரும்பி வந்தால் மேலாளரிடம் பேச்சு வாங்குவதைவிட, "ஒன்றும் இல்லை சார்" என்பது எவ்வளவு சுலபம்! இதில் கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. கணக்கே அப்படிப் பேச வைக்கிறது.

இந்தக் கணக்கை நம் பக்கம் திருப்பக் கையில் இருக்கும் ஒரே கருவி ஜாப் கார்டு. வண்டி உள்ளே போகும்போது போடப்படும் அந்தத் தாள்தான் வழக்கு, மின்னஞ்சல், கம்பெனிப் பதில் எல்லாவற்றுக்கும் மூல ஆவணம். வாரன்டிக் காலத்துக்குள் குறை சொல்லப்பட்டதா, எத்தனை முறை சொல்லப்பட்டது, ஒவ்வொரு முறையும் என்ன செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அட்வைசர் ஆறு மாதத்தில் வேறு டீலரிடம் வேலைக்குப் போய்விடுவார். வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும்.

அதில் எழுதும் விதமும் முக்கியம். நோயாளி மருத்துவரிடம் 'எனக்கு இந்த மாத்திரை கொடுங்கள்' என்று கேட்பதுபோல், 'ஷாக் அப்சார்பரை மாற்றுங்கள்' என்று எழுதச் சொல்லக் கூடாது. அவர்கள் பார்த்துவிட்டு 'ஷாக் அப்சார்பர் சரியாக இருக்கிறது' என்று எழுதி முடித்துவிடுவார்கள். அறிகுறியைச் சொல்ல வேண்டும். 'மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகத்தில் வேகத்தடை இறங்கும்போது முன் இடது சக்கரப் பக்கம் டக் என்ற சத்தம். முதல் அரை மணி நேரத்தில் அதிகம். ஓட்டுநர் மட்டும் இருக்கும்போதும் வருகிறது.' இப்படி எழுதினால், அந்தச் சத்தம் வந்ததா இல்லையா என்பதற்கு அவர்கள் பதில் எழுதியாக வேண்டும். முடிந்தால் வண்டியை விடுவதற்கு முன்பே மெக்கானிக் ஒருவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து, சத்தம் வரும் இடத்துக்கு நாமே ஓட்டிக்கொண்டு போவது நல்லது. சர்வீஸ் சென்டரின் சிமென்ட் தரையில் எந்த வண்டியும் சத்தம் போடாது. செல்பேசியில் எடுத்த ஒரு நிமிடப் பதிவும் உதவும்.

பிறகு, அந்த வரி ஏறிய பிரதியை அங்கேயே வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'பிறகு அனுப்புகிறோம், இங்கே கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று டேப்லெட்டை நீட்டினால் கொஞ்சம் முரண்டு பிடிக்கலாம், தப்பில்லை. என் தமிழாசிரியர் காலிக் காகிதத்தில் கையெழுத்துப் போடுபவனைப் பற்றி ஒரு வசைச்சொல் வைத்திருந்தார். அதை இங்கே எழுத முடியாது.

வாரன்டி எதைத் தருகிறது என்பதிலும் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. அது வண்டிக்கு எடுத்த காப்பீடும் அல்ல, பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் உரிமையும் அல்ல. பொருளிலோ தயாரிப்பிலோ குறை இருக்கும் பாகத்தை இலவசமாகச் சரிசெய்தோ மாற்றியோ தருவோம் என்ற வாக்குறுதி, அவ்வளவே. 2006-இல் மாருதி நிறுவனம் தொடர்புடைய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகச் சொன்னது: வாரன்டியின் வாசகம் குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதைத்தான் பேசுகிறது, காரையே மாற்றித் தருவதை அல்ல. 'புது வண்டி கொடு' என்று சண்டை போடும் பலரின் வழக்கு இந்தக் கல்லில்தான் இடறுகிறது.

தேய்மானப் பொருள்கள் அதற்குள் வராது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, ஃபில்டர் எல்லாம் தேய்ந்து தீர்வதற்கென்றே செய்யப்பட்டவை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்த நிறுவனங்களின் தனி வாரன்டி. டயர் பழுதானால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து, மிச்சத்துக்கு ஏற்பத்தான் ஈடு தருவார்கள். மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலான அளவு. மாருதி நிறுவனம் நெடுங்காலம் 2 ஆண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்று வைத்திருந்ததை 2024 ஜூலையில் 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது.

அந்த 'அல்லது' என்ற சொல்லில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். எது முந்துகிறதோ அது. சர்வீஸுக்கும் அதே கதைதான்: 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. ஓய்வு பெற்ற என் பெரியப்பா கோயிலுக்கும் மருந்துக் கடைக்கும் மட்டும் வண்டியை எடுப்பவர். "ஓடவே இல்லையே, எதற்கு சர்வீஸ்?" என்று இரண்டு ஆண்டு விட்டுவிட்டார். இன்ஜின் ஆயில் ஓடாமலும் கெடும். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் ஓடும் வண்டியில் இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுவதால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து நிற்கும். அது ஒருபுறம் இருக்க, நாளை இன்ஜினில் கோளாறு என்று போனால் கம்பெனி முதலில் புரட்டுவது சர்வீஸ் வரலாற்றைத்தான்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரன்டி போய்விடும் என்ற அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2011-இல், சந்தையில் நியாயமான போட்டி இருக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் போனது. கார் கம்பெனிகள் அசல் உதிரி பாகங்களையும், கோளாறைக் கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்காமல் பூட்டிவைத்திருக்கின்றன என்பது அதன் சாரம். விசாரணை நீண்டு, 2014 ஆகஸ்ட் 25 அன்று ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி, டாடா, மகிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு என்று நம் தெருவில் நிற்கும் வண்டிகளின் பெயர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருந்தன. அபராதத்தை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கும் நீதிமன்றங்களுக்கும் போய்விட்டன; அது நீண்ட கதை. நமக்கு வேண்டியது அந்த ஆணையின் இன்னொரு பகுதி: வெளியில் பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரன்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது ஆணையம். வெளியில் செய்த வேலை தவறாகி அதனால் பழுது வந்தால் அந்தப் பழுதுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

நடைமுறையில் இந்த வேறுபாட்டை எல்லாரும் குழப்புகிறார்கள். வெளியில் பஞ்சர் ஒட்டினாலோ சீட் கவர் தைத்தாலோ இன்ஜின் வாரன்டிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கூடுதல் வெளிச்சம் வேண்டும் என்று விளக்குக்குப் போகும் வயரை வெட்டி இணைத்துவிட்டு, அதே பக்கம் மின்கோளாறு வந்தால், கம்பெனி அந்த வெட்டுக்காயத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடும். அங்கே வாதாட இடமில்லை. வாரன்டி இருக்கும் வரை வழக்கமான சர்வீஸைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்து முத்திரை வாங்கிக்கொள்வதுதான் என் வழக்கம். சட்டம் நம் பக்கம் இருந்தாலும், அதை நிரூபிக்க அலையும் நேரம் நம்முடையதுதானே.

வாரன்டி முடிந்த பிறகு கதை மாறுகிறது. அங்கே சென்னைக்காரர்களுக்கு ஓர் அனுகூலம். பாடி, அம்பத்தூர், திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில்தான் நாட்டின் கார் பாகத் தொழிற்சாலைகளில் பெரும் கூட்டம் இருக்கிறது. கார் கம்பெனிகள் பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், ஃபில்டர் போன்றவற்றில் பலவற்றைத் தாமே செய்வதில்லை. இத்தகைய நிறுவனங்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. பாகம் செய்தவர் தம் சொந்தப் பெயரில் போட்ட பெட்டி ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதே சாலையில் ஒரிஜினல் போலவே அச்சடித்த போலிப் பெட்டியும் கிடைக்கும். நம்பிக்கையான மெக்கானிக் இல்லாமல் தனியாகப் போய் வாங்காதீர்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். காலையில் காணாமல் போன கண்ணாடியை மாலையில் அங்கே நாமே விலை பேசி வாங்கலாம் என்பது சென்னையின் பழைய கிண்டல்.

கம்பெனியே நாட்டை விட்டுப் போய்விட்டால்? மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் விற்பனைக்காகக் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது இந்தக் கேள்விதான் ஊரெங்கும் எழுந்தது. சர்வீஸும் பாகமும் தொடரும் என்று நிறுவனம் சொன்னது. வாரன்டி செல்லும் என்பது ஒன்று, வீட்டுக்கு எட்டும் தொலைவில் அதைச் செய்து தர ஓர் இடம் இருப்பது இன்னொன்று. பழைய வண்டி வாங்குபவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டாவதைப் பார்க்கட்டும்.

இனி பில். 'இலவச சர்வீஸ்' என்பதில் இலவசம் லேபர் மட்டும்தான். ஆயில், ஆயில் ஃபில்டர், இன்ன பிறவற்றுக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டும். இது ஏமாற்று வேலை இல்லை, கையேட்டிலேயே இருக்கிறது. ஆனால் நாலாயிரத்துக்குள் முடிய வேண்டிய பில் எட்டாயிரத்துக்கு ஏறுவது வேறு வரிகளால். ஒரு பில்லை எடுத்துவைத்துக்கொண்டு கையேட்டின் பின்பக்கத்தில் இருக்கும் பராமரிப்பு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணையில் இந்தக் கிலோமீட்டருக்கு என்னென்ன மாற்ற வேண்டும், எவற்றைப் பார்த்தால் போதும் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கும். த்ராட்டில் பாடி சுத்தம், இன்ஜெக்டர் சுத்தம், ஏசி கிருமிநீக்கம், இன்ஜினுக்குப் பளபளப்புப் பூச்சு, அடிப்பாகப் பூச்சு, உள்ளலங்காரச் சுத்தம்: இவற்றில் எதுவும் பெரும்பாலான கையேடுகளின் அட்டவணையில் இருக்காது. சிலது சில வண்டிக்குத் தேவைப்படலாம். 10,000 கிலோமீட்டர் ஓடிய புது வண்டிக்கு இன்ஜெக்டர் சுத்தம் எதற்கு என்று கேட்டால் எனக்கு இதுவரை ஒரு நேர்ப்பதிலும் கிடைத்ததில்லை.

ஆயில் அளவையும் பாருங்கள். கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர் என்றிருக்கும், பில்லில் 3.5 இருக்கும். பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றினால் அளவுக்குத்தான் விலை. டப்பாவாகப் போட்டிருந்தால் மிச்சம் நம்முடையது. காசு கொடுத்து மாற்றிய பழைய பாகமும் நம்முடையதுதான். வண்டியை விடும்போதே 'பழைய பாகங்களை டிக்கியில் வையுங்கள்' என்று ஜாப் கார்டில் எழுதச் சொன்னால், மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லும் ஆசை பலருக்கு அங்கேயே அடங்கிவிடும். வரியைப் பொறுத்தவரை, முன்பு பல பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன பாகங்களுக்கும் 18 சதவீதம். லேபருக்கும் அதே 18.

மழைக்காலத்தில் இந்த மூன்று தாள்களும், அதாவது வாரன்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ் பில், ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நிறையப் பேர் பட்ட பாடு இது. தெருவில் தண்ணீர் ஏறி வண்டி பாதி முழுகுகிறது. வடிந்ததும் என்ன ஆயிற்று என்று பார்க்கச் சாவியைத் திருப்புகிறோம். அந்த ஒரு திருப்பல்தான் லட்ச ரூபாய். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போய் நின்றிருக்கும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் விட்டுக்கொடுக்காததால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைகிறது. வெள்ளம் இயற்கைப் பேரிடர் என்பதால் வாரன்டியில் இடமில்லை. சாதாரண முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை 'பின்விளைவு' என்று ஒதுக்கிவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்ப்பு (ஆட்-ஆன்) இருந்தால்தான் வழி, அதற்கும் அந்தந்தப் பாலிசியின் நிபந்தனைகள் உண்டு. முழுகிய வண்டியைத் தொடாமல், நீர்மட்டம் தெரியப் படம் எடுத்து, இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும்.

காப்பீட்டில் இன்னொரு வரி. பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்துக்கும் ரப்பர் பாகத்துக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள், வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும். உலோகத்துக்கு வயதுக்கேற்ப, கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இன்றைய காரின் முகத்தில் முக்கால்வாசி பிளாஸ்டிக் என்பதால், தேய்மானம் கழிக்காத சேர்ப்பை முதல் சில ஆண்டுகளுக்கு எடுத்துவைப்பதில் நட்டமில்லை.

அண்மையில் ஒரு புதுச் சாக்கும் சேர்ந்திருக்கிறது: பெட்ரோல். பம்ப்பில் கிடைப்பது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வண்டிகள் பலவற்றின் கையேடு 10 சதவீதம் வரை என்றுதான் சொல்கிறது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். எரிபொருள் பம்ப் பழுதானால் 'கலப்படப் பெட்ரோல், வாரன்டி கிடையாது' என்பது நெடுநாளைய பதில். பெட்ரோல் போட்ட ரசீது இல்லாமல் அதற்கு மறுமொழி சொல்ல முடியாது. நான் வழக்கமான ஒரே பம்ப்பில் போட்டு, செல்பேசி வழியாகவே பணம் கட்டுகிறேன். ரசீதைத் தேடும் வேலை மிச்சம்.

டீலர் கையை விரித்துவிட்டால் என்ன செய்வது? கொதித்துப் போய் ஷோரூம் வாசலில் வண்டியை நிறுத்தி மாலை போடுபவர்களும், கழுதையைக் கட்டி இழுப்பவர்களும் உண்டு. செய்தித்தாளில் படம் வரும். நான் சொல்வது சலிப்பான வழி: டீலரின் சர்வீஸ் மேலாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம், பதில் இல்லையென்றால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு, அங்கேயும் நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்; சென்னையில் வாங்கிய வண்டிக்குத் தென்காசியிலிருந்து வழக்காடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

எதிர்த்தரப்பில் டீலர், கம்பெனி இருவரையும் சேர்ப்பது வழக்கம். ஆனால் யார் என்ன செய்தார் என்று பிரித்து எழுத வேண்டும். டாடா நிறுவனம் தொடர்புடைய வழக்கு ஒன்றில், பழைய ஆண்டில் தயாரான வண்டியை டீலர் புதியது என்று விற்ற தவறுக்கு, அது கம்பெனிக்குத் தெரிந்து நடந்தது என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் தனித்தனி வியாபாரிகள் என்ற பழைய உண்மை இங்கே சட்டமாகத் திரும்பி வருகிறது.

தயாரிப்புக் குறை என்று நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் நம்முடையது. நிபுணர் அறிக்கை எங்கே என்று ஆணையம் கேட்கும். அது இல்லாமல் தோற்ற வழக்குகள் ஏராளம். ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் ஆணையமே அனுப்பச் சட்டத்தில் இடம் உண்டு, அதைக் கேட்டு மனுப் போட வேண்டும். எப்போதும் நிபுணர் தேவையில்லை என்பதற்கும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2015-இல் ஹூண்டாயின் கிரெட்டா கார் வாங்கிய ஒருவரின் வண்டி 2017 நவம்பரில் டெல்லி–பானிப்பட் நெடுஞ்சாலையில் மோதியது. ஏர்பேக் விரியவில்லை. மோதிய வேகம் போதாது என்பது போன்ற வாதத்தை ஹூண்டாய் வைத்தபோது, வேகமும் விசையும் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, வண்டியை மாற்றித் தரச் சொன்ன உத்தரவை 2022 ஏப்ரலில் உறுதி செய்தது. விபத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே ஏறக்குறைய நாலரை ஆண்டு.

சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் சற்று நிம்மதி. 2012 செப்டம்பர் முதல் அங்கே நடப்பில் இருக்கும் சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. பழைய கார்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவில் அப்படியொரு தனிச் சட்டம் கிடையாது. பாதுகாப்புக் குறைக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் மட்டும் 2021 ஏப்ரலிலிருந்து மத்திய அரசுக்கு இருக்கிறது. அப்படி அழைத்தாலும், கம்பெனியே தானாக அழைத்தாலும், வாரன்டி முடிந்த வண்டிக்கும் வேலை இலவசம். பழைய வண்டி வாங்கியவர்களுக்கு அந்தக் கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்குப் போய்விடும் என்பதால், கம்பெனியின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள்.

என் 'டக்' சத்தம் ஆணையம் வரை போகவில்லை. இரண்டாவது முறை போனபோது, வரிக்கு வரி நானே சொல்லி எழுதவைத்துப் பிரதி வாங்கினேன். வாரன்டி முடிய அப்போது பதினொரு நாள் பாக்கி. 'போல்ட்டுகளை முடுக்கியாயிற்று' என்று அனுப்பினார்கள். ஐந்து வாரம் கழித்துச் சத்தம் திரும்பியது. இப்போது வாரன்டி முடிந்துவிட்டது என்றார் அதே அட்வைசர். மூன்று ஜாப் கார்டுகளின் எண், தேதி, கிலோமீட்டர் மூன்றையும் போட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலில் இரண்டைத்தான் கணக்கில் எடுத்திருந்தார்கள். 'ஜெனரல் செக்கப்' என்றிருந்த முதல் தாளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் இரண்டாவது தாள் போதுமாக இருந்தது. வாரன்டிக் காலத்திலேயே சொன்ன குறை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

வண்டியைத் தூக்கியில் ஏற்றியதும் மெக்கானிக் தம்பி என்னைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். இடது ஷாக் அப்சார்பரின் மேல்பகுதியிலிருந்து ஆயில் கசிந்து வழிந்து, அதன்மேல் தூசி படிந்து, எருமைத் தோல்போல் ஒரு கருப்புப் பட்டை. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. வலதுபக்கத்தது சுத்தமாக இருந்தது. கழற்றியதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். "காசு கொடுத்து மாற்றியிருந்தால் உங்களுடையது சார், வாரன்டி என்றால் கம்பெனிக்குத்தான் போகும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு மஞ்சள் சீட்டைக் கம்பியால் கட்டினார். சேசிஸ் எண், கிலோமீட்டர், தேதி. புகார் என்ற கட்டத்தில், நான் அன்று சொல்லி எழுதவைத்த அதே வரி, ஓர் எழுத்துப்பிழையோடு.